முதுகு காட்டாத ஊரில் கோர்ஃப்பால்

கோயம்புத்தூரிலிருந்து நான் சங்கரன்கோவிலுக்குச் சென்றது கோமதியம்மனைத் தரிசிப்பதற்காக அன்று. கோர்ஃப்பால் விளையாட்டின் தடுப்பு விதியைக் காப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் சங்கத்தில் இப்போது உலவும் கதைகளில், பந்து பாயச அண்டாவில் விழுந்ததாகவும், நடுவராகிய எனக்கு அருள் வந்து ஆடியதாகவும் சொல்லப்படுகிறது. இரண்டும் பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் கோர்ஃப்பால் சங்கத்தின் விதிக்குழுவுக்குத் தலைவனாக இருக்கிறேன். இவ்விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓர் அணியில் நான்கு ஆண்கள், நான்கு பெண்கள். ஆடுகளம் இரண்டு பாதி. பாதிக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் அடிப்பாகம் இல்லாத மஞ்சள் கூடை. பந்தோடு ஓடக்கூடாது, எவரையும் தள்ளக்கூடாது. ஆணை ஆண்தான் தடுக்கலாம், பெண்ணைப் பெண்தான் தடுக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு. தடுப்பவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். எறிபவரைவிடக் கம்பத்துக்கு அருகில் இருக்க வேண்டும். எறிபவரின் முகத்தைப் பார்த்தபடி, பந்தை மறிக்கும் எண்ணத்தோடு கையை உயர்த்த வேண்டும். இத்தனையும் பொருந்தியிருக்கும்போது எறிந்தால், பந்து கூடைக்குள் விழுந்தாலும் கோல் செல்லாது. உடல் வலிமையால் அன்றி, நிற்கும் முறையால் ஒருவரை நிறுத்தும் விளையாட்டு உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இந்த விதியைத்தான் சிற்றூர்களுக்காகத் தளர்த்த வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பிரபாகர் சொன்னார். அவர் எங்கள் இணைச் செயலாளர். என் மகன் வயது. "சங்கரன்கோவில் மாதிரி ஊர்ல இதெல்லாம் புரியாதுங்க ஐயா. கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போலாமுங்க" என்றார். நான் எழுந்து, சங்கரன்கோவிலிலேயே ஒரு தேர்வு ஆட்டத்தை ஓரெழுத்தும் வளையாமல் நானே நடுவராக இருந்து நடத்திக் காட்டுவதாகவும், தவறினால் விதிக்குழுத் தலைமையை அவரிடமே ஒப்படைப்பதாகவும் அறிவித்தேன். அவர் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள். இரண்டு கூடைகளையும் நானே எடுத்துச் சென்றேன். வழியில் மாறி மாறி ஏறியவற்றுள் கடைசிப் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருவர், "இத இங்கன வச்சுக்கிடட்டா ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தம் பையிலிருந்த கத்தரிக்காய்களை என் மடியிலிருந்த கூடைக்குள் கவிழ்த்தார். எங்கள் ஊரில் பதில் வரும்வரையாவது காத்திருப்பார்கள். கத்தரிக்காய்கள் என் கால்வழியே இறங்கி, ஓட்டுநர் பிரேக் போட்டதும் பேருந்தின் முன்பக்கம் வரை உருண்டன. பயணிகள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

அப்பெண்மணி கூடையைத் தலைகீழாகப் பார்த்தார். "அடியே இல்லாத கூடைய ஒங்க தலையில எவன் கட்டுனான்? நல்லா ஏமாத்திட்டான் பாத்துக்கிடுங்க."

"அம்மா, இக்கூடைக்கு அடி இருக்கக்கூடாது. இது பன்னாட்டு விதி."

"ரெண்டு வாங்கியிருக்காவ!" என்று பின்னிருக்கையிலிருந்து ஒருவர் இரக்கத்தோடு சொன்னார். இறங்கும்வரை அந்தப் பேருந்து முழுவதும் எனக்காக வருந்தியது.

பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தவர் கோமதிநாயகம். வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உள்ளூர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். ஸ்கூட்டரின் பின்னால் நான் தோளுக்கொன்றாகக் கூடைகளை மாட்டிக்கொண்டு அமர்ந்தேன். வேறு வழியில்லை. ஊர் தாண்டியதும் சாலையை ஒரு செம்மறிக் கூட்டம் அடைத்துக்கொண்டது. மேய்ப்பவர் என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சார் எந்தக் கோயிலுக்கு நேந்திருக்காவ?" என்று கேட்டார்.

"நேர்ச்சையெல்லாம் இல்ல வே. சார் கோயம்புத்தூர்ல பெரிய விதிக்காரரு" என்றார் கோமதிநாயகம். மேய்ப்பவர் என் விதியை எண்ணி உச்சுக்கொட்டினார்.

மைதானம் திருவேங்கடம் சாலையில் இருந்தது. வடக்கே சாலை, தெற்கே பருத்தி நிற்கும் கரிசல், கிழக்கே ஓடை, மேற்கே ஒரு சின்னச் சாஸ்தா கோயில். நாடா பிடித்து அளந்தேன். நீளமும் அகலமும் சரியாக இருந்தன. நான் அனுப்பியிருந்த அளவுப்படியே இரும்புக் குழாயில் கம்பங்கள் செய்து நட்டிருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. பிரபாகருக்கு, 'குறை ஏதுமில்லை' என்று செய்தி அனுப்பினேன்.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, நன்கு வெந்த ஆட்டுக்கறி, ஊற்றிக்கொள்ளச் சால்னா. பயணத்தில் அளவோடு உண்பவன் நான். அன்று அளவு சற்றே தள்ளிப் போயிற்று. உணவில் இவ்வூரார் கோயம்புத்தூரை வென்றுவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காபியில் நாங்கள் வென்றோம்.

இரண்டாம் நாள் காலை. சங்கரன்கோவில் அணியும் வாசுதேவநல்லூர் அணியும் பயிற்சிக்கு வந்தன. வெல்லும் அணி மாநிலப் போட்டிக்குச் செல்லும். விதிகளை விளக்கினேன். ஆண் பெண்ணைத் தடுக்கக்கூடாது, தொடக்கூடாது, தள்ளக்கூடாது என்றதும் பெரிய வரவேற்பு. "எங்க ஊருக்குன்னே எழுதுன ஆட்டம்லா இது!" என்றார் வாசுதேவநல்லூர் அணியின் செல்வி. சொந்த வயலில் தாமே டிராக்டர் ஓட்டுபவர். பந்தை வீசினால் பிடிப்பவர் இரண்டடி பின்னால் போவார்.

சங்கரன்கோவில் அணியில் தெலுங்கு பேசும் கரிசல்காட்டு இளைஞர் இருவர் இருந்தனர். எனக்குப் புரியாது என்ற துணிவில் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கோயம்புத்தூரில் என் அண்டை வீட்டார் தெலுங்கர்கள். அவ்விளைஞர்கள் சொன்னதன் தமிழாக்கம் இது: 'இப்பெரியவர் தமது ஊதலை விழுங்கிவிடாதிருப்பாரேயானால் அதுவே நமக்குப் போதுமானது.' நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஊதினேன். பந்து பறந்தது. முதல் எறியே கோல். இரண்டாவதும் கோல். மூன்றாவதும். எவரும் எவரையும் தடுக்கவில்லை. சற்று விலகி நின்று பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. களத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே திசையைப் பார்த்து நின்றிருந்தார்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப் போல. எறிபவரும் மேற்கு, தடுப்பவரும் மேற்கு. சங்கரன்கோவில் அணியின் இசக்கியம்மாள், எறிபவருக்குத் தம் முதுகைக் கொடுத்து, கைகளை மட்டும் பின்பக்கமாக வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இசக்கியம்மாள், எறிபவரின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்!"

அவர் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எதையும் பணிவாகச் சொல்பவர். "நிக்கலாம் சார். ஆனா சாஸ்தாவுக்கு எப்படி முதுகக் காட்ட?"

கோயில் கிழக்கு நோக்கியது. நடை திறந்திருந்தது. உள்ளிருந்து சாஸ்தா இரண்டு கம்பங்களையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எறிபவர் மேற்கே பார்த்து எறிந்தால் தடுப்பவர் கிழக்கே திரும்பியாக வேண்டும். தடுப்பவர் மேற்கே பார்க்க வேண்டுமானால் எறிபவர் கிழக்கே திரும்ப வேண்டும். யாராவது ஒருவர் முதுகு காட்டாமல் கோர்ஃப்பால் இல்லை. இரண்டு அணியிலும் முதுகு காட்ட ஒருவரும் இல்லை.

"நீங்கள் வாசுதேவநல்லூர்தானே? இது உங்கள் கோயில் இல்லையே?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"எங்க சாஸ்தாவும் இவரும் அண்ணந்தம்பி முறைல்லா சார். அங்கன போயி சொல்லிட்டாருன்னா?"

களத்தைத் திருப்பிப் போடலாம் என்றேன். திருப்பினால் ஒரு கம்பம் சாலையிலும் மற்றொன்று பருத்தியிலும் நின்றது. நடை சாத்திய பிறகு ஆடலாம் என்றேன். கோயில் பூசாரி சுப்பையா திடுக்கிட்டுப் போனார். "நடை சாத்துனா சாமி உறங்கும். அப்பப் போயி விசில் ஊதுவியளா? ஒங்க வீட்டுல பெரியவங்க உறங்கும்போது ஊதுவியளா?" ஊத மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

தெய்வ நம்பிக்கை இல்லாதவன் அல்லன் நான். தினமும் காலையில் பூசை செய்பவன். ஆனால் எங்கள் கல்லூரி மைதானத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர்தான். சுவருக்கு எந்த முதுகையும் காட்டலாம். தடுப்பு விதியை எழுதியவர்களும் அத்தகைய மைதானம் ஒன்றையே மனத்தில் கொண்டிருக்க வேண்டும்.

பிற்பகல் முழுவதும் கோயில் வாசலில் அமர்ந்து யோசித்தோம். கோமதிநாயகம்தான் மெல்லத் தொடங்கினார். "ஏன் வே சுப்பையா, திரை போட்டிருந்தா?"

பூசாரி தாடியைத் தடவினார். "திரை போட்டா பிரச்சின இல்ல அண்ணாச்சி. சாமி சாப்பிடுதாருன்னு அர்த்தம். முழிச்சிருக்காரு, ஆனா பாக்கல. விசிலும் ஊதிக்கிடலாம், முதுகும் காட்டிக்கிடலாம்."

"எவ்வளவு நேரம் உண்பார்?" என்று கேட்டேன்.

"அது படையலப் பொறுத்தது சார். வெறும் வெண்பொங்கல்னா வெரசா முடிச்சிருவாரு."

"இடைவேளையோடு இரண்டு பாதி ஆட்டம் நடக்க வேண்டும்."

"அப்போ கல்யாணச் சாப்பாடு போடுங்க. நிதானமா சாப்பிடுவாரு."

பன்னாட்டு விதிகளில் ஆட்ட நேரத்தை நிமிடங்களில் குறித்திருக்கிறார்கள். அதைக் கறிவகைகளாக மாற்றும் பணியில் நானும் பூசாரியும் அந்தி வரை ஈடுபட்டோம். சாம்பார் சாதத்துக்கு இவ்வளவு, தேங்காய்ப்பால் சொதிக்கு இவ்வளவு. அவியலுக்கு அவர் கூடுதல் நேரம் தந்தார். சாஸ்தாவுக்கு அவியல் பிடிக்குமாம். இஞ்சித் துவையலுக்குத் தனி நேரம் தர மறுத்துவிட்டார், அது தொட்டுக்கொள்வது என்று. முதல் பாதி ரசத்தோடு முடியும். இடைவேளையில் திரையைச் சற்றே விலக்கி இலையைச் சரிபார்ப்பார். இரண்டாம் பாதி பாயசத்தில் தொடங்கி மோர்ச் சோற்றில் நிறைவு பெறும். முடிந்ததும் மணி அடித்துத் தீபாராதனை. ஆட்ட நேரம் விதியின்படி மிகச் சரியாக வந்தது. ஓரெழுத்தும் வளையவில்லை.

இரவு உணவின்போது பிரபாகர் அழைத்தார். "என்னங்க ஐயா, தடுப்பு எப்படிப் போகுதுங்க? வேணும்னா அந்த ஊருக்கு மட்டும் தளர்த்திக்கலாமுங்க."

"தேவையில்லை. நாளை சாஸ்தாவுக்கு விருந்து. எல்லாம் சரியாகிவிடும்."

"யாருக்குங்க?"

நான் தொடர்பைத் துண்டித்துவிட்டேன்.

மூன்றாம் நாள். கல்யாணங்களுக்குச் சமைக்கும் தவசிப்பிள்ளை ஒருவர் தம் ஆட்களோடு வந்து, கிழக்கே ஓடைக்கரையில் அடுப்பு மூட்டியிருந்தார். சமையல் அங்கே, கோயில் இங்கே, நடுவில் ஆடுகளம். பதார்த்தங்கள் களத்தின் குறுக்கே வர வேண்டும். கோட்டுக்கு வெளியே சுற்றி வரச் சொன்னேன். "சுத்தி வந்தா ஆறிரும் சார்" என்றார் தவசிப்பிள்ளை. கோட்டையொட்டி வரும்படி சமரசம் செய்துகொண்டோம். இது சமையல் பற்றிய சமரசம்; விதி பற்றியது அன்று.

ஊர் திரண்டிருந்தது. சாலையோரம் முழுக்க இருசக்கர வண்டிகள். அவற்றின்மேல் ஏறி நின்றவர்கள். ஒலிபெருக்கிகூட வைத்திருந்தார்கள். இரு அணியினரும் நெற்றியில் திருநீறு பூசியிருந்தனர். முந்தின நாள் மதியத்திலிருந்து எவரும் பிரியாணிக் கடைப் பக்கம் போகவில்லை என்று கோமதிநாயகம் உறுதி சொன்னார். பூசாரி இலை போட்டார். சாதம் போயிற்று. சாம்பார் போயிற்று. திரை விழுந்தது. ஊதினேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விளையாட்டுக் களங்களில் நின்றவன் நான். அன்று கண்ட தடுப்பாட்டம் போல ஒன்றைக் கண்டதில்லை. திரை விழுந்ததும் எட்டுத் திசைக்கும் முதுகு காட்டலாம் என்ற விடுதலை அவர்கள் கால்களுக்கு வந்துவிட்டது. இசக்கியம்மாள் கம்பத்துக்கும் செல்விக்கும் நடுவே, நிழலைப் போல இடமும் வலமும் நழுவினார். முன்காலைச் சிறிது முன்வைத்து, முழங்கால் தளர்ந்து, கண் பந்தில் அன்றிச் செல்வியின் இடுப்பில், அதுதான் பாடம். எவரும் எவரையும் தொடவில்லை. செல்வி கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. செல்வி எறியாமல் பந்தைத் திருப்பி அனுப்பினார். விதியை இரு பக்கமும் உணர்ந்து ஆடும்போது அதற்கொரு அழகு உண்டு. அந்த அழகை அங்கே அவியல் வாசனையோடு கண்டேன்.

"ஏட்டி செல்வி! அந்தம்மா ஒன்ன வீட்டு வரைக்கும் மறிச்சுட்டு வந்துரும் போலுக்கே!" என்று ஒரு வண்டியின் மேலிருந்து குரல் வந்தது.

"வரட்டும். வீட்டுல அத்தைக்கும் ஒரு தொணையாச்சு" என்றார் செல்வி, பந்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ரசத்தில் முதல் பாதி முடிந்தது. இரு அணியும் சமமாக இருந்தன. வெயில் கடுமை. ஆட்டக்காரர்களுக்குக் குடிக்க ஏதேனும் கொடுங்கள் என்று நான் சமையல் பக்கம் பார்த்துச் சொன்னேன். பெரிய பாத்திரத்தில் மோர் வந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நல்ல மோர். பதினாறு பேரும் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

அது சாஸ்தாவின் மோர் என்பது அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் பாதி பாயசத்தில் தொடங்கியது. பாயச அண்டா களத்தின் ஓரமாகச் சென்றது. பந்து அதை ஒரு முழத் தூரத்தில் கடந்து சென்றது. கடந்து சென்றது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆட்டம் சமமாகவே நடந்தது. நான் கோட்டோரத்தை விட்டு உள்ளே வந்துவிட்டேன். கையெட்டும் தூரத்தைக் கையெட்டும் தூரத்தில் நின்று கணிப்பதே என் வழக்கம். இன்னும் மோர்ச்சோறு இருக்கிறது, அதற்குள் ஏதேனும் தகராறு வந்துவிடக்கூடாதே என்பது ஒன்றே என் நினைவு. என் தலைமைப் பதவி, என் சொல், பிரபாகரின் கைதட்டல் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் அடங்கியிருந்தன.

மேற்குக் கம்பத்துக்குப் பின்னால், கோயிலுக்கு முதுகைக் காட்டியபடி செல்வி பந்தைப் பிடித்தார். இசக்கியம்மாள் அவரை நோக்கி விரைந்தார். நானும் விரைந்தேன்.

மணி அடித்தது.

மோர் வராததால் சாப்பாடு முடிந்துவிட்டது. பூசாரி திரையை விலக்கிவிட்டார். சங்கு முழங்கியது, கற்பூரம் எழுந்தது. சாலையிலிருந்தவர்கள், சமையற்காரர்கள், ஆட்டக்காரர்கள் அனைவரும் நின்ற இடத்தில் நின்று மேற்கே கைகூப்பினார்கள். என் கைகளும் தலைக்குமேல் உயர்ந்தன. கண்கள் மூடின.

திறந்தபோது பந்து கூடையின் வழியாகக் கீழே விழுந்து துள்ளிக்கொண்டிருந்தது.

 வாசுதேவநல்லூர்க்காரர்கள் குதித்தார்கள். சங்கரன்கோவில்காரர்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள்.

"கோல் இல்ல! மறிச்சிருக்கு! செல்வி முன்னால ரெண்டு கை தூக்கியிருந்துச்சு! எல்லாரும் பாத்தோம்!"

"கும்பிட்ட கைய மறிச்ச கைன்னு சொல்லுதிய, வெக்கமா இல்ல?"

"கை, கைதான்வே! விதில அப்படித்தான் இருக்கு!"

ஊதினேன். செல்வியை அழைத்து, எறிந்தது ஏன் என்று கேட்டேன். "எறியல சார். மணி அடிச்சிட்டு. கும்பிடணும்னா கை வெறுமையா இருக்கணும்லா? பந்த மேல போட்டுட்டுத் திரும்பிட்டேன். அது உள்ள விழுந்துட்டு." எறிபவரின் எண்ணத்தை விதி கேட்பதில்லை. பந்து உள்ளே விழுந்தால் போதும். தடுப்பவரின் எண்ணத்தையும் இடத்தையும் மட்டுமே அது கேட்கிறது.

ஆகவே வினா ஒன்றே ஒன்று. செல்வியின் முன்னால் உயர்ந்த அந்தக் கைகள் யாருடையவை?

சாலையிலிருந்தவர்களுக்குத் தலைகளுக்கு மேலே கைகள் மட்டும் தெரிந்திருக்கின்றன. வெள்ளைச் சட்டை, வளையல் இல்லாத கைகள். சங்கரன்கோவில் அணிக்கு வெள்ளைச் சட்டை. வளையல்களைக் கழற்றச் சொன்னவன் நான். எல்லோரும் இசக்கியம்மாளையே காட்டினார்கள். இசக்கியம்மாளோ கண்மூடி நின்றிருந்ததால், தாம் எவ்வளவு தூரத்தில் இருந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரியும். கண்மூடியிருந்தபோது 'சாஸ்தாவே' என்ற அவருடைய குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டது. கண் திறந்தபோது எனக்கும் செல்விக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. கையெட்டும் தூரத்தில், கம்பத்துக்கு அருகில், செல்வியை நோக்கி, கைகளை உயர்த்தி நின்றவன் நான். நானும் வெள்ளைச் சட்டை.

கோமதிநாயகம் அருகில் வந்தார். அவரும் பார்த்திருக்கிறார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. "சார், கோல் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. இசக்கி கைதான்னு ஊரே சொல்லுது. ஒங்க மரியாதையும் போகாது, எங்க புள்ளைகளும் ஆட்டத்துல இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் சொன்னது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் சிக்கல். ஆட்டத்தின் நடுவே நடுவர் கண்மூடி நின்றார் என்ற செய்தி, நான் கோயம்புத்தூர் சேர்வதற்கு முன்பே அங்கே சேர்ந்துவிடும். முப்பது ஆண்டுப் பெயர். ஆனால் இல்லாத ஒரு தடுப்பை இருந்ததாகச் சொன்னால் வளைவது விதி, வளைத்தவன் நான். பிரபாகர் விட்டுக்கொடுக்கச் சொன்னது இதைவிட நேர்மையானது.

ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

"பெரியோர்களே, அந்தக் கைகள் இசக்கியம்மாளுடையவை அல்ல. என்னுடையவை. மணி அடித்தபோது நானும் கும்பிட்டேன், கண்களை மூடியிருந்தேன். தடுப்பவர் எதிரணியைச் சேர்ந்தவராகவும், எறிபவரோடு ஒரே பாலினத்தவராகவும் இருக்க வேண்டும். நான் எதிரணியும் அல்லன், பெண்ணும் அல்லன். ஆகவே எறி தடுக்கப்படவில்லை. கோல் செல்லும்."

ஒலிபெருக்கியில் 'பெண்ணும் அல்லன்' என்பது ஓடைவரை சென்று திரும்பி வந்தது.

 பிறகு ஒரு வண்டியின் மேலிருந்து, "ஏலே, அப்போ சாரு செல்விய மறிச்சாராக்கும்? ஆம்பிள பொம்பிளைய மறிக்கப்படாதுன்னு அவருதானல சொன்னாரு?" என்று ஒருவன் கேட்டான். சாலை முழுவதும் சிரித்தது. வாசுதேவநல்லூர் சிரித்தது. சங்கரன்கோவில் சிரித்தது. கற்பூரத் தட்டோடு நின்ற பூசாரியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் சண்டை முடிந்துவிட்டதைக் கவனித்தேன்.

மோர் எப்படியோ கண்டுபிடிக்கப்பட்டு, திரை மறுபடி விழுந்தது. மீதமிருந்த நேரத்தை முழுதாக ஆடினார்கள். வேறு கோல் விழவில்லை. வாசுதேவநல்லூர் மாநிலப் போட்டிக்குத் தேர்வாயிற்று என்று அறிவித்தேன்.

எல்லோருக்கும் இலை போட்டார்கள். சாஸ்தா சாப்பிட்ட அதே வரிசையில் நாங்களும் சாப்பிட்டோம். என் கைபேசி பையில் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பிரபாகர்தான், செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. எடுக்கவில்லை. சொதி சாதத்தின்போது அதை எடுப்பது முறையன்று.

கை கழுவும் இடத்தில் இசக்கியம்மாள் வந்து நின்றார். அவருக்கு மாநிலப் போட்டி போய்விட்டது.  "உங்கள் தடுப்பாட்டம் விதிப்புத்தகத்தில் படமாகப் போடத் தக்கது" என்றேன்.

"இருக்கட்டும் சார். அந்தக் கை என்னோடதா இருந்திருந்தா நானும் மறிச்சேன்னு சொல்லிருப்பேனோ என்னமோ. சாமி முன்னால பொய் சொல்ல வேண்டாம்னு ஆயிட்டு." சற்றுத் தயங்கினார். "ஒண்ணு கேக்கலாமா? கண்ண மூடி அப்படி என்னத்த வேண்டுனிய?"

யாரிடமும் கேட்கக்கூடாத கேள்விதான். ஆயினும் அன்று என்னிடம் மறைக்க மிச்சம் ஒன்றுமில்லை.

"இந்த ஆட்டம் ஒரு விதியும் வளையாமல் முடிய வேண்டும் என்று வேண்டினேன் அம்மா."

இசக்கியம்மாள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ கேட்டதக் குடுத்துட்டாருல்லா சார்" என்றார்.